மூன்றாவது வண்டி எங்கே?

கேமரன் மலைக்குப் போயிருப்பீர்கள். தேயிலைத் தோட்டங்களுக்கு அப்பால் காய்கறித் தோட்டங்களுக்கு ஏறும் மண் சடக்குகளைப் பார்த்திருக்கிறீர்களா? பழைய லேண்ட் ரோவர்கள் முட்டைக்கோசு ஏற்றிக்கொண்டு இறங்கும் வழி. சென்ற பள்ளி விடுமுறையில் பிள்ளைகுட்டிகளோடு மூன்று வண்டிகளில் அங்கே ஏறினோம்.

மழை பிடித்துக்கொண்டது. இரண்டாவது மேட்டைத் தாண்டியதும் மைத்துனர் வண்டியைக் காணோம். கைப்பேசியில் லைன் இல்லை. வாக்கி டாக்கியோ கரகரத்ததோடு சரி. திரும்பி இறங்கிப் பார்த்தால் சக்கரம் கானுக்குள் கிடக்கிறது. தங்கை கைக்குழந்தையோடு மழையில் நிற்கிறாள். ஒரு மணி நேரமாகக் கூப்பிட்டாளாம்!

பெட்டியில் போட்டிருந்த கிலோமீட்டரை நம்பி வாங்கிய செட் அது. அந்தக் கணக்கெல்லாம் வெட்டவெளிக்குத்தான், ஐயா.

நம் நாட்டில் தனி உரிமம் இல்லாமல் பேசக்கூடியவற்றில் 446 மெகாஹெர்ட்ஸ் வகைக்கு அரை வாட் சக்திதான். திடலில் பிள்ளைகள் விளையாட அது போதும். காட்டுக்குப் போகிறவர்கள் 5 வாட் வரையுள்ள 477 மெகாஹெர்ட்ஸ் வகையைக் கேளுங்கள். அங்கீகார முத்திரையையும் பாருங்கள். எல்லா அலைவரிசையும் பிடிக்கும் மலிவுச் செட்டைக் கடைக்காரர் நீட்டுவார். அது தேர்வெழுதி அமெச்சூர் உரிமம் பெற்றவர்களுக்கு.

5 வாட்டும் மலையைத் துளைக்காது. முன் வண்டிக்கும் பின் வண்டிக்கும் நடு வண்டிதான் செய்தியைக் கடத்த வேண்டும். வண்டியின் இரும்புக்கூடு அலையைத் தடுக்கும். சன்னலோரம் பிடித்துப் பேசுங்கள். புறப்படுமுன் எல்லாச் செட்டிலும் ஒரே சேனல், ஒரே குறியீடு வைத்துப் பேசிப் பார்த்துவிடுங்கள்.

புதிய செட் வாங்கியாயிற்று. மைத்துனர் இன்னும் அதில் மட்டும்தான் என்னோடு பேசுகிறார்.