கொடுவாவும் நஃப்ஸும்

தூண்டில்காரன் மீனின் அளவைக் கூட்டித்தான் சொல்லுவான் என்பார்கள். வேலணையின் சாட்டிக் கரையில், அஸருக்குப் பின் தங்கூசியோடு நிற்பவர்களிடம் நான் கேட்டது வேறு. அவரவர் பலவீனத்தையே சொன்னார்கள்.

"முதல் கடியிலேயே இழுத்துப்போடுவன் மாஸ்டர், பொறுக்கேலாது" என்றார் ஒருவர். கொடுவா துள்ளும்போது கை தளர்ந்துவிடும் என்றார் மற்றவர். "பெரிசைக் கண்டால் விடமாட்டன், அதுதான் என்ரை குறை" என்றார் மூன்றாமவர், சிரித்துக்கொண்டே.

கொடுவா ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகளின் பின் பெண்ணாக மாறும் மீன். ஆகவே பெருத்த கொடுவா பெரும்பாலும் முட்டையிடும் தாய். முதல் இருவரின் குறையால் நட்டம் அவர்களுக்கு. மூன்றாமவரின் குறையால் நட்டம் கடலுக்கு.

சனிக்கிழமையில் மீன்பிடிக்கத் தடுக்கப்பட்ட கடலோர ஊரார் பற்றி அல் அஃராஃப் அத்தியாயம் சொல்கிறது. அந்நாளில்தான் மீன்கள் நீர்மேல் வந்தன. மற்ற நாள்களில் வரவில்லை. மீனைக் கொண்டு சோதிக்கப்பட்டது அவர்களின் நஃப்ஸ்.

நமக்கு அப்படியொரு தடை இல்லை. இஹ்ராமிலும் கடல் வேட்டை ஆகும். ஆகுமானதில் அளவை நாமே வைக்க வேண்டும் என்பதுதான் நமக்கான சோதனை. அந்த மூன்றாமவர் தன் ஆசையைத் திறமை என்னாமல் குறை என்றாரே, அளவு அங்கிருந்துதான் தொடங்கும்.