பார்லரில் ஆள் வந்திருக்கிறது

விடுதியில் வளர்ந்த பெண்களுக்குக் குறும்பு கற்றுத்தர ஆசிரியை வேண்டியதில்லை. நாங்கள் நால்வர், ஒன்பதாம் வகுப்பில் ஒரே பெஞ்சு, விடுதியில் ஒரே வரிசை. தலையணை உறைக்குள் புளியங்கொட்டை போடுவது, தூங்குகிறவளின் பின்னலைப் பக்கத்துக்காரியின் பின்னலோடு ரிப்பனால் முடிந்துவிடுவது, விடுமுறைக்கு வீட்டுக்குப் போனால் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைத்துப் பாட்டியை இருட்டிலேயே அடுப்பு மூட்ட வைப்பது என்று எங்கள் சேட்டைகள் நீளும். பாட்டி திட்டிக்கொண்டே சிரிப்பாள். அந்தச் சிரிப்புத்தான் எங்களைக் கெடுத்தது என்று சொல்ல வேண்டும்.

ஏப்ரல் முதல் நாள் எங்களுக்குத் திருவிழா. இக்காலத் தங்கைகளுக்கு உருளைக்கிழங்கு முத்திரை தெரியுமோ, என்னவோ! கிழங்கைக் குறுக்கே வெட்டி, வெட்டிய முகத்தில் ‘ஏப்ரல் ஃபூல்’ என்பதன் இரண்டு ஆங்கில முதலெழுத்துகளைச் செதுக்கி, மை தடவி, முன்னால் போகிறவளின் வெள்ளைச் சட்டை முதுகில் ஓர் அழுத்து! ‘ஏ’வுக்குக் கவலையில்லை, எப்படி வெட்டினாலும் ஒன்றுதான். ‘எஃப்’பைத்தான் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி வெட்ட வேண்டும். எங்களில் ஒருத்தி அதை நேராக வெட்டிவிட்டு, வகுப்பு முழுவதற்கும் கோணல் எழுத்தைக் குத்தி, தானே முட்டாள் பட்டம் வாங்கினாள். பிரான்சு நாட்டுப் பிள்ளைகள் அதே நாளில் காகித மீன் செய்து பிறர் முதுகில் ஒட்டுவார்கள் என்று பிற்பாடு படித்தோம். சட்டை துவைக்கும் வேலை மிச்சமாகியிருக்குமே என்று தோன்றியது.

1984ஆம் ஆண்டு ஏப்ரல் 1 ஞாயிற்றுக்கிழமையில் வந்து எங்கள் கிழங்குக்கு வேலையில்லாமல் செய்துவிட்டது. சீருடை கிடையாது. ஞாயிறு என்றால் பெற்றோர் வந்து பார்க்கும் நாள். மதியத்துக்கு மேல் வாயிற்காரம்மா ஒவ்வொரு பெயராகக் கூப்பிட, பெயர் வந்தவள் பார்லருக்கு ஓடுவாள். திரும்பி வரும்போது கையில் முறுக்குப் பொட்டலம் இருக்கும்.

எங்கள் தோழி ஒருத்தியின் பெயர் மட்டும் அதிகம் வராது. அவளுக்கு அம்மா இல்லை. அப்பா லாரி ஓட்டுநர். சேலத்தில் சரக்கு ஏற்றினால் நாக்பூர் வரை போய்வருவார். வண்டி எப்போது எங்கள் பக்கம் வருகிறதோ அப்போதுதான் மகளைப் பார்ப்பார். அவளைத்தான் நாங்கள் தேர்ந்தெடுத்தோம். ஏன் அவளை என்று இன்றும் எங்களுக்குள் கேட்டுக்கொள்கிறோம். எளிதில் நம்புவாள் என்பதுதான் காரணம். வேறு நல்ல காரணம் ஒன்றும் அகப்படவில்லை.

“ஏய், உங்கப்பா வந்திருக்காங்கடி! பார்லர்ல உட்கார்ந்திருக்காங்க!”

உடனே ஓடுவாள், பின்னாலேயே போய்க் கத்தலாம் என்று கணக்குப் போட்டிருந்தோம். அவள் ஓடவில்லை. டிரங்குப் பெட்டியைத் திறந்து துவைத்த தாவணியை எடுத்து மாற்றினாள். பின்னலை அவிழ்த்து மறுபடி பின்னினாள். பெட்டியின் அடியிலிருந்து ராங்க் கார்டை எடுத்தாள். இரண்டாம் ராங்க். அப்பாவின் கையெழுத்துக்காகவே வார்டன் சிஸ்டரிடம் கெஞ்சித் தன்னிடம் வைத்திருந்தாள். அப்போதே நாங்கள் சொல்லியிருக்க வேண்டும்.

பார்லர் காலியாக இருந்தது. தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தோம். அவள் திகைக்கவில்லை. அப்பா டீ குடிக்கப் போயிருப்பார் என்று தானாகவே நினைத்துக்கொண்டாள் போலும். பெஞ்சில் உட்கார்ந்து, கார்டை மடியில் வைத்துக்கொண்டு, வாசலையே பார்த்தாள். ‘ஏப்ரல் ஃபூல், ஏமாந்த சோணகிரி’ என்ற எங்கள் கூச்சல் தொண்டையிலேயே நின்றுவிட்டது. யார் போய்ச் சொல்வது என்று எங்களுக்குள் அரை மணி நேரம் சண்டை. கடைசியில் நால்வருமாகப் போய்ச் சொன்னோம். “சரி” என்றாள். அழுதிருந்தால் சமாதானமாவது செய்திருக்கலாம்.

1957 ஏப்ரல் 1 அன்று பி.பி.சி. தொலைக்காட்சி, சுவிட்சர்லாந்தில் மரங்களிலிருந்து ஸ்பகெட்டி அறுவடை செய்வதாக ஒரு படம் காட்டியது. அந்த மரத்தை வளர்ப்பது எப்படி என்று பலர் தொலைபேசியில் கேட்டார்களாம்! நாடே சேர்ந்து ஏமாந்தது, நாடே சேர்ந்து சிரித்தது. அந்த மரத்தடியில் யாரும் ராங்க் கார்டோடு உட்கார்ந்திருக்கவில்லை.

அன்றிரவு வார்டன் சிஸ்டரிடம் ஒப்புக்கொண்டோம். முழங்காலில் நிற்கச் சொல்வார் என்று எதிர்பார்த்தோம். அவரோ, உரோமையில் வாழ்ந்த புனித பிலிப் நேரி பாதித் தாடியை மட்டும் மழித்துக்கொண்டு தெருவில் நடந்த கதையைச் சொன்னார். “அவர் யாருடைய தாடியை மழித்தார்?” என்று கேட்டுவிட்டு, ஓர் இன்லண்டு லெட்டரையும் சேலம் லாரி ஆபீசின் முகவரியையும் கொடுத்தார். எழுதினோம்.

இரண்டு வாரம் கழித்து, குருத்தோலை ஞாயிறு பிற்பகலில், வாயிற்காரம்மா உண்மையாகவே அவள் பெயரைச் சொன்னார். பறந்து போய்ச் சொன்னோம். அவள் துவைகல்லை விட்டு அசையவில்லை.

“போங்கடி. ஒரு தடவை தாவணி மாத்துனது போதும்.”

சத்தியம் செய்தோம், கையைப் பிடித்து இழுத்தோம். பலிக்கவில்லை. பார்லரில் அவள் அப்பா காக்கிச் சட்டையும் தோளில் துண்டுமாக நின்றுகொண்டிருந்தார். ரோட்டில் சரக்கோடு வண்டி நிற்கிறது, அரை மணிதான் நேரம் என்றார். என்னவென்று அவரிடம் சொல்வது? எங்களில் ஒருத்திக்குத்தான் சட்டென்று தோன்றியது. “மாமா, ஹாரன் அடிங்க!”

சிஸ்டர் தலையசைத்தார். அவர் வெளியே போய், நீளமாக இரண்டு, குட்டையாக ஒன்று என்று அடித்தார். துவைகல் பக்கம் வாளி உருளும் சத்தம் கேட்டது. ஈரப் பாவாடையும் சோப்பு நுரைக் கையுமாக, ரிப்பன்கூட இல்லாமல் எங்களைத் தாண்டி ஓடினாள். ராங்க் கார்டை நாங்கள்தான் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினோம்.

அன்று மாலை எங்கள் முன்னால் ஒரு பெரிய பொட்டலத்தை வைத்தாள். பிரித்தோம். தாளுக்குள் தாள், அதற்குள் இன்னொரு தாள். கடைசித் தாளில் ஒற்றைப் புளியங்கொட்டை! “பதினஞ்சாந்தேதியும் ஏப்ரல்தானடி” என்றாள். முதுகுக்குப் பின்னால் மறைத்திருந்த கையில் கோவில்பட்டி கடலைமிட்டாய் இருந்தது.