ஒரு மாதம்தான் கணக்கு



சிங்களத்தில் மட்டும் வந்த அரச கடிதத்தை எடுத்துக்கொண்டு பெற்றோர் எங்களிடம் வருகிறார்கள், கொழுந்துக்குப் போகாமல், அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டு. வாசித்துச் சொல்கிறோம். அதோடு விஷயம் முடியக்கூடாது.

மொழியைக் காட்டிப் பாரபட்சம் செய்யக்கூடாது என்கிறது அரசியலமைப்பின் 12(2). மீறினால் உயர் நீதிமன்றம் போக ஒரு மாதமே அவகாசம். லோயருக்குக் காசில்லையா? 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அந்த மாதத்துக்குள் தமிழிலேயே எழுதுங்கள். அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. ஆணைக்குழு தண்டிக்காது, சிபாரிசுதான் செய்யும். ஆனால் அதிகாரிகளை விசாரணைக்கு அழைக்க அதற்கு அதிகாரம் உண்டு.

கடிதத்தையும் உறையையும் வீசாதீர்கள். கிடைத்த திகதியைக் குறித்து வையுங்கள். முறைப்பாடு எழுத நாங்கள் இருக்கிறோம்.