ரூட்டை மட்டும் நம்பாதே

சென்னீர்குப்பம்

அன்புள்ள செந்திலுக்கு,

பெரியப்பா எழுதுவது. பெரியம்மாவுக்கு முழங்கால் வலிதான் விட்டபாடில்லை. ஆவடி ரோட்டுத் தூசி வீட்டுக்குள் வந்து படிகிறது. அதற்கும் திட்டு எனக்குத்தான், அத்தனை வண்டியையும் நானே ஓட்டுகிற மாதிரி.

மினிபஸ் பெர்மிட்டுக்கு மனு போட்டிருக்கிறாயாமே? உன் அம்மா போனில் சொல்லித்தான் தெரிந்தது. டிப்போவில் கிரீஸும் கையுமாகக் காலம் தள்ளியவனிடம் ஒரு வார்த்தை கேட்கக் கூடாதாடா?

பஸ் டிரைவரான உன் தாத்தா ராத்திரி சாப்பிட உட்கார்ந்தால் டி.வி.எஸ். கதைதான். நீ பாதியிலேயே தூங்கிவிடுவாய். அந்தக் கம்பெனியைத் தொடங்கிய சுந்தரம் ஐயங்கார் 1912-ல் தஞ்சாவூர் - புதுக்கோட்டை பஸ் விட்டது, மதுரையில் ஜனங்கள் பஸ்ஸைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டது எல்லாம் அவர் சொல்லிக் கேட்டதுதான். இரண்டாம் உலக யுத்த காலத்தில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு. கரிவாயுவில் பஸ் ஓட்டினார்கள். வண்டியில் பீப்பாய் மாதிரி ஒரு கலம் இருக்கும். கிளீனர் விடியுமுன்னே எழுந்து கரியைக் கொட்டி, நெருப்பு மூட்டி, காற்றடிக்க வேண்டும். வாயு கிளம்பினால்தான் இன்ஜின் உறுமும். அந்தக் கலத்தையும் டி.வி.எஸ்.காரர்கள் தாங்களே செய்தார்கள். எனக்கு அவர்களிடம் பிடித்தது அதுதான்.

அந்தக் குணம்தான் பின்னால் கைகொடுத்தது. 1972-ல் அரசாங்கம் பெரிய முதலாளிகளின் பஸ்களை எடுத்துக்கொண்டது. மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் வந்தது. நாச்சிமுத்துக் கவுண்டர் 1931-ல் பொள்ளாச்சியில் தொடங்கிய ஏ.பி.டி. பஸ்கள் சேரன் போக்குவரத்துக் கழகத்துக்குப் போயின. தாத்தாவுக்குச் சட்டைதான் மாறியது, ஸ்டியரிங் மாறவில்லை. முதலாளிகளும் நொடித்துப் போகவில்லை. ஐயங்கார் வீட்டுக்கு அதற்குள் சுந்தரம் கிளேட்டனும் வீல்ஸ் இந்தியாவும் இருந்தன. கவுண்டர் வீட்டுக்குச் சக்தி சர்க்கரை ஆலை. பஸ்ஸை மட்டும் நம்பி உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும், நீயே யோசி.

உன் விஷயத்துக்கு வருகிறேன். மினிபஸ்ஸுக்கு 25 கிலோமீட்டர்தான் எல்லை. அதிலும் பெரும்பங்கு பஸ் ஓடாத ரோடாக இருக்க வேண்டும். பஸ் ஓடாத ரோடு எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும், ஸ்பிரிங் பட்டை முறிந்துகொண்டே இருக்கும். அரசு சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. உன் வண்டியில் அவர்கள் காசு கொடுத்து ஏற வேண்டும் என்றால், நீ நேரம் தவறாமல் வந்தால்தான் ஏறுவார்கள்.

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கேட்கவே சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் நிலத்தை அடமானம் வைக்காதே. தம்பியைக் கூட்டுச் சேர்த்தால் அன்றன்றைய வசூலை அன்றன்றே எழுதி வை. மெக்கானிக்கை நம்பாமல் நீயே பிரேக்கைச் சரிபார்க்கக் கற்றுக்கொள்.

பழைய வண்டி ஏதாவது பார்த்து வைத்திருந்தால் அட்வான்ஸ் மட்டும் கொடுத்துவிடாதே. டிக்கெட் போட்டு அனுப்பு, நான் வந்து இன்ஜின் சத்தத்தைக் கேட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
பெரியப்பா