அருவி நுரையும் ஒரு ஆராய்ச்சி வேலையும்

சீசனுக்குக் குற்றாலம் போகிறவர்கள் ஐந்தருவியில் முட்டி மோதிக் குளிப்பார்கள், பார்டர் பரோட்டா சாப்பிடுவார்கள், ஊர் திரும்புவார்கள். தண்ணீர் ஓடையாக இறங்கும் இடத்தில் பாறை இடுக்கில் ஒதுங்கும் நுரையை யாரும் கவனிப்பதில்லை. அருவியில் சோப்புக்கும் ஷாம்புக்கும் தடை உண்டு. காட்டு இலைகள் ஊறிக் கரைந்தாலே மலை ஓடைகளில் நுரை வரும்.

இப்படிப்பட்ட நுரையில்தான் சிலருடைய வேலையே இருக்கிறது. ஒரு சொட்டு எடுத்து சாதாரண காலேஜ் மைக்ராஸ்கோப்பில் வைத்தால், நான்கு கை விரித்த நட்சத்திரங்கள் போல ஏதோ தெரியும். அவை ஒருவகைப் பூஞ்சைகளின் ஸ்போர்கள். இங்கோல்ட் என்பவர் 1942-ல் இங்கிலாந்தில், ஓடையில் அழுகும் இலைகளில் இவற்றைக் கண்டு விவரித்தார். மூன்று கைகள் முக்காலி மாதிரி இலையில் ஊன்றிக்கொள்வதால் ஓட்டம் அடித்துக்கொண்டு போகாது. விழுந்த இலையை இந்தப் பூஞ்சை மெதுவாக்கும், அதைப் பூச்சி தின்னும், பூச்சியை மீன் தின்னும். நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் மங்களூர் பல்கலைக்கழகத்தின் ஸ்ரீதர் போன்றவர்கள் பல வருடங்களாக இவற்றை ஆராய்ந்திருக்கிறார்கள்.

இந்த வேலைக்கு வழி என்ன? எம்.எஸ்சி. தாவரவியல் அல்லது மைக்ரோபயாலஜி, பிறகு நெட் தேர்வு. ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் (2023-ல் உயர்த்தப்பட்ட தொகை). பிஎச்.டி. முடிய ஐந்து வருடம் போல ஆகும்.

கருவிக்கு எங்கே போவது? ஒளியால் பார்க்கும் சாதாரண மைக்ராஸ்கோப் சுமார் 200 நானோமீட்டரோடு நின்றுவிடும். அதற்குக் கீழே போக, ருஸ்கா 1931-ல் ஜெர்மனியில் தொடங்கிவைத்த எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் உதவும். விலை அதிகம்தான். ஆனால் 2020-ல் வந்த ஐ-ஸ்டெம் இணையதளத்தில் எந்தக் கருவி எந்த நிறுவனத்தில் இருக்கிறது என்று பார்த்து, பணம் கட்டி முன்பதிவு செய்யலாம்.

ஆனால் ஒன்று. வழக்கமான ஸ்கேனிங் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புக்குள் காற்றே இருக்காது. ஸ்போரை உலர்த்தி, தங்கப்பூச்சு பூசித்தான் உள்ளே வைப்பார்கள். படம் பிரமாதமாக வரும், ஸ்போர் செத்திருக்கும். பூஞ்சை இழையிலிருந்து ஸ்போர் எப்படி உருவாகிறது என்பதை உயிரோடு பார்க்கப் பழைய மைக்ராஸ்கோப்பும் பொறுமையும்தான் வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் சி.வி. சுப்பிரமணியன், ஸ்போர் உருவாகும் விதத்தை வைத்தே இவ்வகைப் பூஞ்சைகளை வகைப்படுத்தினார். இந்திய இனங்களைப் பற்றிய அவருடைய பெரிய நூல் 1971-ல் வந்தது. இன்று டி.என்.ஏ. வரிசையைக் கம்ப்யூட்டரில் கொடுத்தால் பெயர் வருகிறதே என்பார்கள். யாரோ ஒருவர் முன்பே கண்ணால் பார்த்துப் பெயர் வைத்திருந்தால்தான் அதுவும் வரும்.

கணக்குப் புத்தகத்தில் கருவிக்கு வருடா வருடம் தேய்மானம் எழுதுவார்கள். பார்த்துப் பழகிய கண்ணுக்குத் தேய்மானம் கிடையாது, வருடம் கூடக் கூட மதிப்பு ஏறும். ஆனால் அந்த ஆள் ரிடையர் ஆகும் நாளில் மொத்தமும் போய்விடும், பக்கத்தில் ஒரு மாணவராவது உட்கார்ந்து கற்றுக்கொண்டிருந்தால் தவிர.