கம்பத்தைப் பார், பிறகு கம்பெனியைப் பார்

தொலைபேசித் துறையில் பாதி ஆயுளைக் கழித்து ஓய்வு பெற்றவன் என்பதால், கும்பகோணத்தில் எங்கள் தெருவில் யார் நெட் கனெக்‌ஷன் வாங்குவதாக இருந்தாலும் என் காதில் ஒரு வார்த்தை போட்டுவிட்டுத்தான் போவார்கள். கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "எந்தக் கம்பெனி நல்ல கம்பெனி?" நான் நேராகப் பதில் சொல்வதில்லை. "உங்க வீட்டு வாசல் கம்பத்துல யாரோட பெட்டி தொங்குது? பழுதானா யார் வந்து ஏறுறாங்க?" என்று திருப்பிக் கேட்பேன். கிழவருக்கு விஷயம் தெரியவில்லை என்று முணுமுணுத்துக்கொண்டு போகிறவர்களும் உண்டு. போகட்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. டெலிபோனுக்கு மனுப் போட்டுவிட்டு வருஷக்கணக்கில் காத்திருப்பார்கள். 'ஓ.ஒய்.டி.' என்று ஒரு திட்டம் இருந்தது. முன்பணமாகப் பெருந்தொகை கட்டினால் வரிசையில் முன்னால் நகரலாம். ஒரு வீட்டுக்கு லைன் இழுக்கப் போனால் திண்ணையில் பாய் விரித்து, பித்தளை டபராவில் காப்பி கொடுப்பார்கள். அக்கம்பக்கத்தார் வந்து நின்று வேடிக்கை பார்ப்பார்கள். இருபத்துச் சொச்சம் வயது, தோளில் கருவிப் பை, ஊருக்கே நான்தான் வாயும் காதும் என்ற நினைப்பு. அந்த மரியாதையெல்லாம் பையிலிருந்த ஒயருக்கு என்பது பிற்பாடுதான் உறைத்தது. இப்போது அந்தப் பையனை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

அதே செம்புக் கம்பியில்தான் பிராட்பேண்டும் வந்து இறங்கியது. 2004இல் மத்திய அரசு வெளியிட்ட கொள்கை, குறைந்தது 256 கேபிபிஎஸ் வேகம் இருந்தால்தான் அதற்குப் பிராட்பேண்ட் என்று பெயர் என்றது. பிற்பாடு அது 512 ஆனது, 2023இல் 2 எம்பிபிஎஸ். இன்றைய பிள்ளைகளுக்கு 100 கூடக் குறைச்சல். செம்புக்கு ஒரு குணம் உண்டு. எக்ஸ்சேஞ்சிலிருந்து தூரம் கூடக்கூட வேகம் தேயும். மூன்று கிலோமீட்டரைத் தாண்டிவிட்டால் நன்றாகவே தேயும். ஐப்பசி மழையில் ஜாயிண்டில் ஈரம் இறங்கினால் பேச்சாவது கரகரவென்று கேட்கும், நெட் படுத்துவிடும். ஊர்க்கோடியில் ஒரு வாத்தியார், வேகம் போதவில்லை என்று மேலும் மேலும் பெரிய பிளானுக்கு மாறிக்கொண்டே இருந்தார். ரசீது மாறியது, அவர் வீட்டுக் கம்பியும் மாறவில்லை, தூரமும் குறையவில்லை. அவரிடம் அதைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் எனக்குப் பொறுமை என்றால் என்னவென்று தெரிந்துவிட்டது.

இப்போது எல்லாம் ஃபைபர். கண்ணாடி இழைக்குள் ஒளி போகிறது. எக்ஸ்சேஞ்ச் இருபது கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் கவலையில்லை. ஆனால் அந்த ஓர் இழையை வழியில் ஸ்பிளிட்டர் வைத்துப் பிரித்து, முப்பத்திரண்டோ அறுபத்துநான்கோ வீடுகளுக்குப் பங்கு போடுவார்கள். ராத்திரி எட்டு மணிக்கு எல்லா வீட்டிலும் படம் ஓடும்போது அந்தப் பங்கு எப்படி இருக்கிறது என்பதை விளம்பரத்தில் பார்க்க முடியாது. அதே கம்பத்தில் லைன் வாங்கியிருக்கிற மூன்றாம் வீட்டுக்காரரைத்தான் கேட்க வேண்டும்.

என் தம்பி மகன் கேட்கவில்லை. 300 எம்பிபிஎஸ், ஆறு மாதப் பணம் முன்கூட்டி, சினிமா ஆப்கள் இலவசம் என்று போனிலேயே முடித்துவிட்டான். போட்டிருந்த விலையோடு 18 சதவீத ஜிஎஸ்டி சேரும் என்பது பில் வந்த பிறகு தெரிந்தது. குறிப்பிட்ட அளவு டேட்டா தீர்ந்ததும் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள் என்பது பொடி எழுத்தில் இருந்தது. அவன் மனைவி வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள். "பெரிய மாமா, எனக்கு மீட்டிங்ல முகம் உறையாம இருந்தா போதும்" என்றாள். அந்த வீட்டில் சரியாகக் கணக்குப் போட்டவள் அவள்தான். நல்ல தெளிவான படம் ஒன்று ஓட ஐந்தாறு எம்பிபிஎஸ் போதும். நான்கைந்து பேர் உள்ள வீட்டுக்கு 50, 100 தாராளம். வீடியோவில் பேசுகிறவர்கள் பார்க்க வேண்டியது அப்லோட் வேகத்தை. அதை யாரும் கேட்பதில்லை.

தம்பி வீடு எங்கள் பக்கத்துப் பழைய மாதிரி. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், சமையற்கட்டு, பின்னால் ஓர் அறை, கொல்லை என்று ரயில் போல நீளம். சுவர் ஒன்றரை அடி, செங்கல்லும் சுண்ணாம்பும். லைன் போட வந்தவர்கள் அவசரத்தில் ரேழியில் மின்சார மீட்டருக்குப் பக்கத்தில் ஆணி அடித்து ரவுட்டரை மாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். மருமகள் வேலை பார்க்கிற அறையோ கடைசிக் கோடி. வாசலில் உட்கார்ந்தால் நெட் பறக்கிறது, பின்னறையில் சக்கரம் சுற்றுகிறது. தம்பி மகன் கஸ்டமர் கேரில் சண்டை போட்டுவிட்டு, 500க்கு மாறட்டுமா என்று என்னிடம் வந்தான். ஊர்க்கோடி வாத்தியார் என் கண்முன் வந்து நின்றார்.

"முதல்ல லேப்டாப்பை ஒயரால மாட்டிப் பாருடா" என்றேன். ரவுட்டரில் லேன் கேபிளைச் சொருகி ஒரு ஃபைலை இறக்கினான். "பாத்தீங்களா பெரியப்பா, 37தான் காட்டுது. 300ன்னு சொல்லி ஏமாத்திட்டான்!" எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கம்பெனி சொல்வது மெகாபிட், கம்ப்யூட்டர் காட்டுவது மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். 300ஐ எட்டால் வகுத்துப் பார் என்றேன். முணுமுணுத்துக் கணக்குப் போட்டான். அத்தோடு கம்பெனிமேல் இருந்த பாதிக் கோபம் இறங்கியது. மீதிப் பாதிக்குச் சுவர்தான் குற்றவாளி.

ரவுட்டரை அரிக்கேன் விளக்கு மாதிரி நினைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். ரேழி மூலையில் மாட்டினால் வெளிச்சத்தில் பாதி தெருவுக்குத்தான் போகும். இப்போதைய ரவுட்டர்களில் இரண்டு அலைவரிசை உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், சுவரையும் ஓரளவு தாண்டும். ஆனால் பக்கத்து வீட்டு ரவுட்டர், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அதிலேதான் இரைச்சல் போடும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, தடிச்சுவரைக் கண்டால் சுருண்டுவிடும். இரும்பு பீரோ எதற்கும் வழிவிடாது. இத்தனைக்கும் நடுவில் அந்த வீட்டுக்கு ஒரு பாக்கியம் உண்டு. முற்றம். கூரையும் சுவரும் இல்லாத வெட்டவெளி வீட்டின் நடுவிலேயே இருக்கிறது. கூடத்துத் தூணில், முற்றத்தைப் பார்த்தபடி ஆள் உயரத்துக்கு ரவுட்டரை வைத்தால் சமையற்கட்டு ஜன்னல் வழியாகப் பின்னறைக்கு நேர்க்கோடு கிடைக்கும்.

மாற்றித்தர ஒரு பையன் வந்தான். இருபத்திரண்டு வயசு இருக்கும். முதலில் பழைய இடத்தில் ஃபைபர் முனையைக் கழற்றி பவர் மீட்டரில் சொருகினான். மைனஸ் 26 காட்டியது. "27 தாண்டினா லைனே நிக்காது அய்யா" என்றபடி ஒயரைக் கையால் தடவிக்கொண்டே போனான். ரேழி ஜன்னல் கதவு இடுக்கில் ஒயர் நசுங்கிக் கிடந்தது. செம்பு வளைந்தால் வளைந்ததுதான், பாதகமில்லை. கண்ணாடி இழை மடங்கினால் ஒளி அந்த வளைவிலேயே கசிந்துவிடும். நசுங்கிய துண்டை வெட்டினான், மேலுறையை உரித்தான், இழையை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்தான், பச்சை மூக்கு வைத்த கனெக்டரைப் புதிதாகப் போட்டான். மூலைகளில் ஒயரை அகலமாகச் சுற்றிவிட்டான். ஆர்வத்தில் கிட்டே போன என்னை, "முனையக் கண்ணுக்கு நேரா பிடிச்சிடாதீங்க அய்யா, அந்த லைட்டு கண்ணுக்குத் தெரியாது" என்று தடுத்தான். நாற்பது வருஷம் ஒயரோடு குப்பை கொட்டியவனுக்குப் பாடம்! சொல்லித் தந்ததற்கு நன்றி என்றேன். இந்த முறை மீட்டர் மைனஸ் 19. மருமகள் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, ரவுட்டர் முதுகில் தன் போன் நம்பரை மார்க்கரால் எழுதினான். "சிவப்பு லைட்டு மினுக்கினா கஸ்டமர் கேருக்கும் சொல்லுங்க, எனக்கும் ஒரு மிஸ்டு கால் குடுங்க." தம்பி மகன் பார்த்திருக்க வேண்டிய கம்பெனி இந்தப் பையன்தான். அதிர்ஷ்டம், கண்ணை மூடிக்கொண்டு கைவிட்டும் நல்லதே அகப்பட்டது.

பாஸ்வேர்டு விஷயத்தில் ஒரு சின்னச் சச்சரவு. எதிர்வீட்டுப் பையன் பரீட்சைக்குப் படிக்க வைஃபை கேட்டான். கொடுக்கக் கூடாது என்றான் தம்பி மகன். படிக்கிற பிள்ளைக்கு எப்படி இல்லை என்பது என்றாள் மருமகள். இரண்டு பேர் சொல்வதும் நியாயம்தான். அந்த லைனில் யார் என்ன செய்தாலும் கேள்வி கேட்பது லைன் யார் பேரில் இருக்கிறதோ அவரைத்தான். கெஸ்ட் நெட்வொர்க் என்று தனியாக ஒன்றை அமைத்து, வேறு பாஸ்வேர்டு போட்டு, அந்தப் பையனுக்கு மட்டும் கொடுத்தோம். வீட்டுக் கம்ப்யூட்டர்கள் அவன் கண்ணில் படாது. பரீட்சை முடிந்ததும் மூடிவிடலாம். ரவுட்டருக்குள் நுழைகிற 'அட்மின்' பாஸ்வேர்டையும் அப்போதே மாற்றச் சொன்னேன். வாங்கும்போது இருந்ததை அப்படியே விட்டுவைக்கிற வீடுகள்தான் அதிகம்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்திருந்தபோது ஒருநாள் கரண்ட் போனது. மீட்டிங் நடுவில் மருமகள் அறுந்தாள். "பெரிய மாமா, அந்தக் காலத்துப் போன் கரண்ட் இல்லாட்டியும் அடிக்குமே?" என்று கேட்டாள். அடிக்கும். எக்ஸ்சேஞ்ச் பாட்டரியிலிருந்து 48 வோல்ட் அந்தச் செம்புக் கம்பி வழியாகவே வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது. கண்ணாடி இழையில் ஒளிதான் வரும், கரண்ட் வராது. ரவுட்டருக்குத் தீனி வீட்டிலிருந்துதான். அதற்கென்றே ரவுட்டர் யூபிஎஸ் என்று கையகலப் பெட்டி விற்கிறார்கள். வாங்கப் போகும்போது ரவுட்டர் அடாப்டரையும் கையோடு எடுத்துப் போங்கள். பெரும்பாலும் 12 வோல்ட்தான், ஆனாலும் அதில் எழுதியிருக்கிற வோல்ட்டும் ஆம்பியரும் பொருந்துகிறதா என்று கடையிலேயே பார்த்துவிட வேண்டும். உள்ளே இருக்கிற பாட்டரி சில வருஷங்களில் தளர்ந்துவிடும். வாங்கின தேதியைப் பெட்டியின் அடியில் எழுதிவைத்தால் மாற்றும்போது உதவும்.