சோமசெற்றின் ஸ்ரேரிங்

வீட்டில் நாங்கள் மூன்று பிள்ளைகள். ஐயாவின் காரில் இருந்த ஸ்ரேரிங் எங்கள் மூவருக்கும் மூன்று நிறம். மூத்தவனுக்கு அது மண்ணிறம். நடுவிலாளுக்குக் கறுப்பு. கடைக்குட்டிக்குப் பச்சை. கடைக்குட்டி சொல்வது உண்மையில் ஸ்ரேரிங்கின் நிறமல்ல. 1979ஆம் ஆண்டளவில் வளையம் வெடித்தபோது ஐயா அதன்மேல் இறுக்கிச் சுற்றிய பிளாஸ்ரிக் வயரின் நிறம். கூடை பின்னுகிற அதே வயர்தான். அவன் பிறந்தது அதற்குப் பிறகு. வயருக்குக் கீழே என்ன இருந்ததென்று அவன் கண்டதேயில்லை.

இத்தனை வருடம் கழித்து இது எங்களுக்குள் ஒரு வழக்காக வந்ததற்குக் காரணம், 2022இல் நாங்கள் மூவரும் காசு சேர்த்து 1953ஆம் ஆண்டு ஒஸ்ரின் ஏ 40 சோமசெற் ஒன்றை வாங்கியது. வூஸ்ரர்ஷயரில் ஒரு பண்ணைக் கொட்டிலுக்குள், வைக்கோல் கட்டுகளுக்குப் பக்கத்தில் நின்றது. வீட்டுக்காரர்கள் ஒருவருக்கும் இது பிடிக்கவில்லை. அந்தக் காசுக்குக் குளியலறையைத் திருத்தியிருக்கலாம் என்பது அவர்களுடைய கணக்கு. கணக்கில் பிழையில்லை.

சோமசெற்றை எங்கள் தலைமுறைக்கு விளக்கத் தேவையில்லை. பிள்ளைகளுக்காகச் சொல்கிறோம். பேர்மிங்ஹாமுக்குப் பக்கத்தில் லோங்பிறிட்ஜ் தொழிற்சாலையில் 1952 முதல் 1954 வரை, ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கு மேல் செய்தார்கள். 1200 சி.சி. எஞ்சின். கியர்க் கம்பு தரையில் இல்லாமல் ஸ்ரேரிங் தண்டிலேயே இருப்பதால் முன் சீற்றில் மூன்று பேர் நெருங்கி இருக்கலாம். ஹையர் ஓடுகிறவனுக்கு அது ஒரு சீற்றுக் காசு. அறுபதுகளின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இலங்கையில் கார் இறக்குமதி இறுகிப்போனபோது, வந்திருந்த கார்களே வம்சமாயின. யாழ்ப்பாணத்தில் ஏ 40ம் மொறிஸ் மைனரும் அப்படித்தான் நின்று பிடித்தன. ஐயா தன்னுடையதை 1967இல் மூன்றாம் கையாக வாங்கினார். அது இல்லாத ஐயாவை நாங்கள் கண்டதில்லை, 1996 வரை.

கொட்டிலில் கிடந்த காரில் எஞ்சின் இறுகவில்லை. தகடு பரவாயில்லை. ஸ்ரேரிங்தான் கையில் எடுக்க முடியாத நிலை. கம்பிகள் வந்து வளையத்தில் சேரும் இடங்களிலெல்லாம் விரல் நுழையும் வெடிப்பு, ஒரு பக்கம் ஓரங்குல நீளத்துக்கு மேல்தோல் கழன்று உள்ளிருந்த இரும்பு துருவோடு தெரிந்தது. பழைய ஸ்ரேரிங்குகளுக்கு இது விதி. உள்ளே இரும்பு, அதன்மேல் அச்சில் வார்த்த ரப்பரோ பிளாஸ்ரிக்கோ. வெயிலுக்கும் குளிருக்கும் இரண்டும் ஒரே அளவில் விரிந்து சுருங்குவதில்லை. வருடங்கள் போக மேலே உள்ளது இன்னும் சுருங்கும், இரும்பு விட்டுக்கொடுக்காது. ஐயாவுடையதும் அப்படித்தான் வெடித்தது. திருப்பும்போது வெடிப்பு வாய் திறந்து உள்ளங்கைச் சதையைக் கிள்ளும். அதற்குத்தான் வயர்.

திருத்துவதற்கு இரண்டு வழி. வெடிப்பை இரும்புவரை பிளந்து, துருவை எடுத்து, எபொக்சி பசை நிரப்பித் தேய்த்து, நிறம் அடிக்கலாம். அல்லது இரும்பை மட்டும் வைத்துக்கொண்டு, நல்ல பழைய வளையம் ஒன்றிலிருந்து எடுத்த அச்சில் புதிதாக வார்க்கலாம். எங்களுடையதைப் பார்த்த மிட்லண்ட்ஸ் கைவினைஞர் இரண்டாவதுதான் சரி என்றார். எழுபது வயது தாண்டிய வெள்ளைக்காரர், சொல் சிக்கனம். எந்தப் பினிஷ் வேண்டும் என்று கேட்டுவிட்டு, பென்சில் நீளத்தில் நான்கு மாதிரித் துண்டுகளை மேசையில் வைத்தார்: கண்ணாடிபோல் மினுங்கும் கறுப்பு, அரை மினுக்கக் கறுப்பு, மினுக்கமே இல்லாத கறுப்பு, மண்ணிறம்.

நாலில் ஒன்றைத் தொட்டுக் காட்டிவிட்டு வருவது ஐந்து நிமிட வேலை என்று நினைத்துத்தான் போனோம். ஏழு மாதம் பிடித்தது.

மினுக்கம் என்பது சின்ன விஷயமல்ல என்று அந்த மனிதரிடம்தான் கற்றோம். பழைய வளையங்களின் பளபளப்பு பூச்சின் பளபளப்பல்ல, அச்சின் பளபளப்பு. அச்சின் உட்பக்கத்தை எவ்வளவு துலக்கியிருந்தார்களோ அவ்வளவு மெருகோடு வளையம் வெளியே வரும். நிறமும் பொருளுக்குள்ளேயே கலந்தது. தேயத் தேய அதே நிறம்தான். இன்று பலர் வார்த்த வளையத்துக்கு மேல் கார் உடம்புக்கு அடிக்கும் இரட்டைக் கலவைப் பெயின்ரை அடித்துக் கொடுக்கிறார்கள். கண்காட்சியில் கண்ணைப் பறிக்கும். ஆனால் பூச்சுத் தடிக்கத் தடிக்க வளையத்தின் பின்பக்கத்தில் விரல் பதியும் பள்ளங்கள் மழுங்கிவிடும். வெயில் நேரத்தில் அந்த மினுக்கம் முன்கண்ணாடியில் விழுந்து கண்ணைக் கூசும். சில வருடம் ஓடினால் இரண்டு கையும் பிடிக்கும் இடத்தில் பூச்சுத் தேய்ந்து, உள்ளே இருப்பது வேறு நிறமென்றால் அம்மணமாகத் தெரியும்.

ஸ்ரேரிங்குக்கு ஒரு சரித்திரம் உண்டென்பதும் எங்களுக்குப் புதிது. ஃபோர்ட்டின் மொடல் ரி கார்களுக்கு முதலில் மரவளையம். நல்ல மரம் வீணாகிறது என்று கண்ட ஹென்றி ஃபோர்ட், கோதுமை வைக்கோலையும் ரப்பரையும் கந்தகத்தையும் வேறு சிலவற்றையும் சேர்த்து ‘ஃபோர்டைற்’ என்ற பொருளைச் செய்வித்து அதில் வளையம் வார்த்தார். வைக்கோலைப் பிடித்துக்கொண்டுதான் லட்சக்கணக்கானவர்கள் கார் ஓடியிருக்கிறார்கள். பின்னால் வந்த மொடல் ஏயில் 1928இன் ஆரம்பக் கார்களுக்குச் சிவப்பு ரப்பர் வளையம், பிறகு கறுப்பு. அந்தச் சிவப்பின் சரியான சாயல் எது என்பதில் அமெரிக்காவில் அந்தக் காரை வைத்திருப்பவர்கள் காட்டும் அக்கறையைப் பார்த்தபோது, எங்கள் வீட்டு வழக்கு அவ்வளவு பைத்தியம் இல்லை என்று கொஞ்சம் ஆறுதல் வந்தது.

மண்ணிறமா கறுப்பா என்பதற்கு விடை அந்த உடைந்த வளையத்திலேயே இருந்தது. கைவினைஞர் அதைப் பெருவிரலால் சூடுவர உரசி எங்கள் மூக்குக்குக் கிட்டப் பிடித்தார். கந்தக மணம். கந்தகம் நிறையச் சேர்த்து இறுக்கிய ரப்பர், எபோனைற். காரோடு வந்ததா, பிறகு யாரும் மாற்றியதா என்று சத்தியம் செய்யமாட்டேன் என்றார். எபோனைற் பிறக்கும்போது கறுப்பு. வெயில் பட்டால் மேற்பரப்பு மண்ணிறமாகும். எங்கள் தாத்தாவின் பேனாமூடி ஏன் ஒரு பக்கம் பழுத்துப்போயிருந்தது என்பது அன்றைக்குத்தான் விளங்கிற்று. வளையத்தை மெல்லத் திருப்பிக் காட்டினார். முன்கண்ணாடியைப் பார்த்திருந்த பக்கம் காய்ந்த புகையிலைபோல் மண்ணிறம். சாரதியைப் பார்த்திருந்த பக்கம், கைபட்டுக் கைபட்டு, இன்னும் கறுப்பு.

மூத்தவனின் வேலை ஞாயிறு காலையில் காரின் பொனற்றில் ஏறிக் கண்ணாடி துடைப்பது. நடுவிலாள் ஐயாவின் மடியில் இருந்து கியர் போட்டவள். இதை யோசித்துக்கொண்டு மோட்டார்வேயில் நெடுநேரம் ஒருவரும் பேசவில்லை.

ஆனால் வழக்குத் தீரவில்லை. அடுத்த கேள்வி, எந்த நாளுக்குத் திருத்துவது என்பது. அமெரிக்காவில் 1935இல் தொடங்கிய பழங்கார்ச் சங்கத்தின் அளவுகோலில், விற்பனையாளர் வாங்குபவரிடம் சாவி கொடுத்த அன்று கார் எப்படி இருந்திருக்குமோ அப்படி இருக்கவேண்டும். அதைவிடக் குறைந்தால் புள்ளி வெட்டு. உலகப் பழைய வாகனச் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபீவா 2012இல் ஏற்றுக்கொண்ட தூரின் சாசனம் வேறுமாதிரிச் சொல்கிறது: பின்னாளில் ஏற்பட்ட மாற்றங்களும் தேய்மானமும் வாகனத்தின் வரலாறுதான், அவற்றை மதிக்கவேண்டும். புதிதாகச் செய்து போடும் பாகத்தில் அது புதியதென்று தெரிய அழியாத அடையாளம் வைக்கவும் சொல்கிறது. எங்களுக்கு இரண்டாவது கட்சி பிடித்தது. பிறகுதான் உறைத்தது: இந்தக் காரின் வரலாறு வூஸ்ரர்ஷயர்க்காரனுடையது. எங்களுடையதல்ல.

இந்த இடத்தில் நடுவிலாள் கேட்டாள், “ஆருக்காக இதைச் செய்யிறம்?”

ஐயாவுக்காக என்றான் மூத்தவன். ஐயாவுக்கு எண்பத்தைந்து. எங்களோடுதான் இருக்கிறார்.

“ஐயா கேட்டவரே?”

கேட்கவில்லை. அவர் அந்தக் காரைப் பற்றிப் பேசுவதே இல்லை. காரணம் அவளுக்கும் கடைக்குட்டிக்கும் தெரியும். மூத்தவன் 1989இலேயே லண்டனுக்கு வந்துவிட்டான். சொல்லித்தான் தெரியும்.

1990இல் சண்டை மீண்டும் தொடங்கியபின் பெற்றோல் தடை. சில சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் செய்து, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடிய காலம். 1995 ஒக்ரோபர் 30 மாலை, வலிகாமத்தை விட்டு வெளியேறச் சொல்லி ஒலிபெருக்கி வந்தது. சோமசெற்றில் நாங்கள் பன்னிரண்டு பேர், அதில் பக்கத்து வீட்டுப் பிள்ளைப்பெற்றுப் பதினொரு நாளான பெண்ணும் குழந்தையும். மழை. செம்மணியிலிருந்து நாவற்குழிப் பாலம்வரை கார் ஓடவில்லை, சனம் நடந்த வேகத்தில் நகர்ந்தது. இரண்டு பக்கமும் மட்காட்டில் கைகள். கிழவர்களைத் தூக்கிக்கொண்டு கண்ணாடியில் தட்டினார்கள். இவரை மட்டும், இவரை மட்டும் ஏற்றுங்கோ என்றார்கள். இடமில்லை. ஐயா இரவு முழுக்க ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை. ஸ்ரேரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினாலு வயதுக் கடைக்குட்டி அவருக்கும் கதவுக்கும் நடுவில் நெரிபட்டபடி அதைக் கண்டான்.

மீசாலையில் ஒரு உறவினர் வளவில் கார் நின்றது. 1996இல் கிளாலியால் வன்னிக்குப் போகும்போது, களவு போகாதிருக்க ஸ்ரேரிங்கைக் கழற்றிச் சீலையில் சுற்றி அந்த வீட்டுப் பரணில் வைத்தார். திரும்பி வந்து பூட்டுவதாகத்தான் எண்ணம். 2000இல் சாவகச்சேரிப் பகுதி தரைமட்டமானபோது காரும் இல்லை, பரணும் இல்லை.

ஆகவே அந்த ஸ்ரேரிங்கின் நிறம் நிச்சயமாகத் தெரிந்த ஒருவர் உலகத்தில் இருந்தார். கேட்கத்தான் முடியவில்லை. ஏழு மாதத்தில் பெரும்பகுதி இதில்தான் போனது.

கடைசியில் மூத்தவன்தான் கேட்டான், அந்த இரவில் இல்லாதவன். மாதிரித் துண்டுகள் நாலையும் தேத்தண்ணீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் பரப்பி, “ஐயா, உங்கட ஸ்ரேரிங் என்ன நிறம்?” என்றான். ஐயா ஒவ்வொன்றாக எடுத்து, பார்க்காமல், உள்ளங்கையில் உருட்டினார்.

“இருட்டில நிறம் எங்கை தெரியிறது?” என்றார்.

நாங்கள் கேட்டது பகலைப் பற்றி. அவர் சொன்னது எதைப் பற்றி என்று எங்களுக்குத் தெரியும். நடுவிலாள் எழும்பிக் குசினிக்குள் போனாள். கொஞ்ச நேரம் கழித்து அவர் ஒரு துண்டை மட்டும் எங்கள் பக்கம் தள்ளிவிட்டார். அரை மினுக்கக் கறுப்பு. “இது வேர்வைக்கு வழுக்காது.”

அதையே வார்த்தோம். நிறம் உள்ளே கலந்தது, மேலே பெயின்ர் இல்லை. தண்ணீர் விட்டு 2000ஆம் இலக்கத் தாளில் தேய்த்து, துணியால் மட்டும் மெருகேற்றியது. ஐந்நூறு பவுண் தாண்டிற்று. கம்பி சேரும் இடத்தில், பின்பக்கம், செய்த ஆண்டைச் சின்னதாகப் பொறிக்கச் சொன்னோம்.

இதற்கிடையில் கடைக்குட்டி எங்களுக்குத் தெரியாமல் ஒரு வேலை செய்திருந்தான். ஊரிலிருந்து வந்த ஒருவரிடம் சொல்லிப் பச்சை வயர் ஒரு கட்டு எடுப்பித்திருந்தான். ஸ்ரேரிங் பூட்டிய அன்று ஐயாவைச் சாரதி சீற்றில் இருத்தினோம். வளையத்தை ஒரு சுற்றுத் தடவினார். ஹோர்ணை ஒருக்கால் அமத்தினார். வேலை செய்யவில்லை. கடைக்குட்டி வயர்க் கட்டை நீட்டினான். அவர் சுற்றத் தொடங்குவார், நாங்கள் பார்த்துக்கொண்டு நிற்போம் என்று நினைத்திருப்பான். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

ஐயா வயரை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“அது வெடிப்புக்குச் சுத்தினது. இதில வெடிப்பில்லையே.”

வயர் டாஷ் பெட்டிக்குள் கிடக்கிறது. ஹோர்ண் வயரிங்கை வருகிற சனிக்கிழமை பார்க்கவேண்டும்.